மூடியில் கலந்த மருந்து

ஏனுங்க டாக்டரம்மா, கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்குங்க, நாங்க ஒண்ணும் திருடிப்போடலீங்க. ஆமாங்க, கலந்தது நெசந்தான். நர்சம்மா கேட்டதுமே கூட வந்த மயிலாத்தா ஒளறிப்போட்டா. அவளுக்குப் பொய் சொல்ல வராதுங்க. எனக்கு நல்லா வரும், ஆனா சொல்ல மாட்டேன்.

மொத நாளு நீங்கதானுங்க படிச்சுக் காட்டுனீங்க? வெள்ளை விழுந்த தோலுக்குப் புது மருந்து, ஆறு மாசம் பூசிப் பாக்கோணும், பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறுங் களிம்பு, ஆருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாதுன்னு. கையெழுத்து வாங்கிக்கிட்டு ஆளுக்கொரு நம்பர் போட்ட டியூப்பக் குடுத்துப்போட்டீங்க. அன்னூர் பஸ்ஸுல உக்காந்தா எனக்கு ஒரே ரோசனை. ஒருத்திக்குக் கெடைச்சு ஒருத்திக்குக் கெடைக்காமப் போனா? பஸ்ஸு கணபதி ஸ்டாப்பு தாண்டறதுக்குள்ள தூக்குப்போசி மூடியில ரெண்டையும் பிதுக்கி, வெரல்ல கொழச்சு, பவுடர் டப்பாவுல ஆளுக்குச் சரிபாதி வழிச்சுக்கிட்டோம். நாலு மாசமா அப்பிடித்தானுங்க.

என்னது, ரெண்டு பேரையும் லிஸ்டுல இருந்து எடுத்துப்போடோணுமா? அட, இதென்னங்க நாயம்! எந் தப்புக்கு அவளை எதுக்குங்க தள்றீங்க? அவ வேண்டா வேண்டாம்னுதான் சொன்னா, நாந்தான் கையிலிருந்து புடுங்கிக் கலந்தேன். அவ கண்ணுக்குக் கீழ இப்பத்தானுங்க பொட்டுப் பொட்டா நெறம் திரும்புது, நீங்களே லென்சு வெச்சுப் பாத்தீங்களே! இப்ப நிறுத்துனா வந்ததும் போயிருமுங்க.

தெய்வாத்தாங்கற எம் பேரை அடிச்சுப்போடுங்க, அவளை உட்டுருங்க. ரெண்டுல எது மருந்தோ அதைய அவளுக்குக் குடுங்க. தெரியாதுங்களா? அப்ப ரெண்டு நம்பரையும் அவளுக்கே குடுங்க. ரூல்சு இல்லீனா எழுதிக்குங்க, ஆரு எழுதுன ரூல்சு? இந்தப் பெஞ்சை உட்டு நான் எந்திரிக்க மாட்டேன், ஆமா.

ஒறவா? இல்லீங்க, எங்க தோட்டத்துல களை வெட்டறவ. எங்கூட்டு நடைக்குள்ள அவ வந்ததே இல்லீங்க. மாட்டுக்கொட்டாய்க் கூரை எரவாணத்துல அவளுக்குன்னு ஒரு டம்ளர் சொருகியிருக்கும். அவளே எடுத்துப் புடிப்பா, இருவது வருசமா நாந்தான் கை படாமத் தூக்கிக் காப்பி ஊத்துவேன்.

எங்கையில வெள்ளை விழுந்துச்சுங்களா, போன ஆடியில எம் மருமவ அதே எரவாணத்துல இன்னொரு டம்ளரைச் சொருகி வெச்சா. அது எனக்குங்க.