மாமரத்துப் பூச்சிக்குக் குளிராது

மாகறலிலிருந்து காஞ்சிபுரம் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மார்கழிக் குளிருல மாமரத்துப் பூச்சியெல்லாம் தானா செத்துப்பூடும்னுதாம்மா இருந்தேன்” என்றார் அவர்.

“அதைச் சொல்லித்தானே மருந்தடிக்க வந்தவரைத் திருப்பி அனுப்புனீங்க? நீங்கதான் கம்பளிக்குள்ள நடுங்கிக்கினு கெடந்தீங்க. அது பட்டை இடுக்குல சொகமா தூங்கிட்டு, தை பொறந்ததும் பூவுக்கு வந்துடுச்சு.”

“எல்லா மரமுமா போச்சு?”

“எங்கப்பா கையால வெச்ச மரத்துல பூவெல்லாம் பிசுபிசுன்னு கறுத்து உதிருது. ஓரத்து மரம் இப்பத்தான் பூக்குது. அதையாவது காப்பாத்தத்தான் மருந்து வாங்கப் போறோம். நாளைக்கு அடிக்கணும், நீங்களும் கூட நிக்கணும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இந்த வருஷம் குளிர் கம்மிம்மா. இன்னும் நல்லா குளிரடிச்சிருந்தா செத்திருக்கும்.”

“நீங்க செத்திருப்பீங்க. அது இருந்திருக்கும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மருந்து நெடி எனக்கு ஆவாதேம்மா.”

“பூச்சிக்கும் ஆவாது. அதுக்குத்தான் அடிக்கிறது” என்றார் அந்த அம்மாள்.