ஓரத்து இருட்டு

ஒரு சரக்கு விண்கலத்தின் கதவில் எத்தனை திருகாணிகள் இருக்கும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். என் மைத்துனன் யோசிப்பான். நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் வரைவான். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஏன் என்று கேட்டால் அரைமணி நேரம் விளக்குவான். வாசகர்கள் அவனுக்குத் திருகாணி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவன் என்னை அத்தான் என்பான். எங்களுக்குள் எந்த மனஸ்தாபமும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

'துருவேறிய வானம்' எங்கள் இருவருடைய தொடர். வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வரும் சித்திரக்கதை. திரும்பிப் போகும் வழியைத் தொலைத்துவிட்ட ஒரு கலம், அதில் ஏழு பேர், குறைந்துகொண்டே வரும் சாப்பாடு. படம் அவனுடையது. கதையும் வசனமும் என்னுடையவை. எழுத்தைப் படத்தில் பதிப்பதும் நான்தான். பகலில் நான் சலவை இயந்திரங்களுக்கு உபயோகக் கையேடு எழுதுகிறவன். 'மூடியைத் திறக்குமுன் இயந்திரம் நின்றுவிட்டதா என்று பார்க்கவும்' என்பது நான் எழுதியது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அப்படிப்பட்டவனுக்கு, வாரத்தில் ஒரு நாள் ஏழு பேரை விண்வெளியில் பேசவைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் பேச இடம் இல்லை. கட்டம் முழுக்கக் குழாய், கம்பி, திருகாணி. பேச்சுக் குமிழ்கள் பேருந்தில் கடைசியாக ஏறியவர்கள் மாதிரி மூலையில் ஒடுங்கி நிற்கும். கேப்டன் சாகும்போது பேசுகிற வசனத்தை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். எங்கே வைத்தாலும் ஏதாவது குழாயை மறைத்தது. குழாயை மறைக்காதீர்கள் என்று அவன் கெஞ்சினான். கடைசியில் பாதியை வெட்டிவிட்டு மீதியைப் பொடி எழுத்தில் போட்டேன். 'குழாய் பிரமாதம்' என்று ஒருவர் பின்னூட்டம் எழுதினார். இன்னொருவர், 'இது கதையா, உதிரிபாகக் கடையா?' என்றார். அதற்கு இருநூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். நானும் வேறு பெயரில் ஒன்று போட்டேன்.

அவனிடம் பக்குவமாகவே சொல்லிப் பார்த்தேன்.

"கொஞ்சம் குறைச்சுக்கலாமேடா. எல்லாத்தையும் வரையணும்னு யார் அழுதா?"

"திருகாணி இல்லேன்னா கதவு எப்படி அத்தான் நிக்கும்?"

"படத்துல இருக்கிற கதவுடா. விழாது."

"எனக்கு விழும்" என்றான். அதோடு பேச்சு முடிந்தது. அவனோடு எந்தப் பேச்சும் அப்படித்தான் முடியும்.

எழுபத்தோராம் அத்தியாயத்தில் எல்லாம் மாறியது. அவன் எப்போதும் திரையை முதலில் கறுப்பாக்கிவிட்டு, அதன்மேல்தான் வரைவான். அந்த வாரம் ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் மட்டும் வரைந்திருந்தான். ஒரு முகம், ஒரு கை, ஒரு விளக்கு. சுற்றிலும் ஓரம் பூராவும் இருட்டு. அந்த இருட்டில் என் வசனம் வெள்ளை எழுத்தில், யாரும் இடிக்காமல், காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கல்யாணப் புகைப்படத்தைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

வாசகர்கள் கொண்டாடிவிட்டார்கள். 'ஓவியர் மறுபிறவி எடுத்திருக்கிறார்' என்றார்கள். எங்களை ஒருபொழுதும் எட்டிப்பார்க்காத விமர்சகர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார். திருகாணி மட்டும் தலையைச் சொறிந்தான்.

"நான் எதையும் மாத்தலையே அத்தான். எப்பவும் போலத்தான் வரைஞ்சேன்."

தன்னடக்கம் என்று நினைத்தேன்.

பிறகு அவன் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தான். பக்கத்தில் வைத்த தேநீரைத் தட்டிவிட்டான். என் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் வேலை செய்கிறாள். பெற்றோர் போனபின் தம்பியை வளர்த்தவள் அவள்தான். எங்கள் கல்யாணத்தின்போதே, "இவனும் கூட வருவான், சம்மதமா?" என்று கேட்டுத்தான் தலையாட்டினாள். அவள் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனாள். நானும் போனேன்.

"கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் கூடியிருக்கு" என்றார் மருத்துவர். "ஓரப் பார்வை கொஞ்சம் போயிடுச்சு. போனது திரும்ப வராது. ஆனா இந்தச் சொட்டு மருந்தைக் காலையும் ராத்திரியும் விட்டா, இருக்கறதைக் காப்பாத்திடலாம்."

"விடலைன்னா?" என்று நான் கேட்டேன்.

"ஓரத்துலேர்ந்து உள்ள சுருங்கிக்கிட்டே வரும். அவருக்கே தெரியாது. விட்டுப்போன இடத்தை மூளையே இட்டு நிரப்பிக்கும்."

என் மனைவி என்னை நன்றியோடு பார்த்தாள். பொறுப்பான கேள்வி என்று நினைத்திருப்பாள். கேட்டபோது அது பொறுப்பான கேள்விதான்.

தனக்கு எது தெரியவில்லை என்று தெரிந்ததும் திருகாணி கழுத்தைத் திருப்பித் திருப்பி வரைய ஆரம்பித்தான். வலப்பக்கம் பார்த்துக் கொஞ்சம், இடப்பக்கம் பார்த்துக் கொஞ்சம். எழுபத்தைந்தாம் அத்தியாயத்தில் குழாய்களும் கம்பிகளும் ஊருக்குப் போய்த் திரும்பிய உறவினர்கள் மாதிரி மொத்தமாக வந்து இறங்கின. 'அந்தப் பழைய ஆளை ஏன் திரும்பக் கூட்டிவந்தீர்கள்?' என்று கேட்டார்கள். மூன்றே வாரத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அவன் கவலைப்படவில்லை. வேலை செய்யும்போது சீட்டியடித்தான்.

அவனுக்குத் தன் கண்ணைத் தானே தொடப் பயம். என் மனைவி காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுவாள். ஆகவே மருந்து விடுவது என் பொறுப்பு. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு உட்காருவான். கண்ணுக்குத்தானே மருந்து, வாயை ஏன் திறக்கிறாய் என்றால் சிரிப்பான்.

மருந்துக்கடையில் அதே அலமாரியில், கண் உலர்ந்துபோகாமல் இருக்க விடுகிற சாதாரணச் சொட்டும் இருந்தது. ஒரு கெடுதலும் செய்யாது என்று உறையிலேயே போட்டிருக்கிறது. கையேடு எழுதுகிறவன் நான், உறையைப் படிக்காமல் எதையும் வாங்க மாட்டேன். மருந்தைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு அந்தக் குப்பியில் இதை நிரப்பினேன். கண்துடைப்பு என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சொல் இவ்வளவு பொருத்தமாக வேறெங்கும் அமையாது.

நான் அவன் கண்ணில் எதையும் கலக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவனிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றை அதன் போக்கில் விட்டேன். ஒரு தொடரின் பாணியை மாற்றுவது சுலபமில்லை. எத்தனையோ ஓவியர்கள் வருடக்கணக்காக முட்டிமோதுகிறார்கள். இவனுக்குத் தானாக வந்தது. வந்ததை அவன் துரத்தினான், நான் தடுத்தேன். அவ்வளவுதான்.

அந்த எட்டு மாதம் எங்கள் பொற்காலம். இருட்டு மாதாமாதம் அரை விரற்கடை உள்ளே வந்தது. கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் அவனுக்கு எட்டாத தூரத்துக்குப் போயிற்று. அது வர வர என் வசனங்கள் நீண்டன. கலத்தின் சமையல்காரி ஒரு முழுப் பக்கம் பேசினாள். யாரோ ஒரு பெண் என் வரி ஒன்றைத் தோளில் பச்சை குத்திக்கொண்டு படம் அனுப்பினாள். திருகாணியிடம் காட்டினேன். திரையைக் கண்ணுக்கு நேராக வைத்து, மெதுவாக நகர்த்தி, எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "சூப்பர் அத்தான்" என்றான். அவனுக்குப் பொறாமை என்பதே கிடையாது.

நான் அக்கறை இல்லாதவன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருந்தால், வீட்டு மேஜைகளின் முனைகளை வந்து பாருங்கள். எல்லாவற்றிலும் பஞ்சு வைத்து ஒட்டியது நான். தரையில் கிடந்த மின்கம்பிகளை ஓரங்கட்டியதும் நான். தெருவில் ஒரு ஸ்கூட்டர் அவனைத் தட்டிவிட்டபோது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். முழங்கையில்தான் அடி. இடது கை. அவன் வரைவது வலது கையால்.

மருத்துவர் குழம்பினார். மருந்து கேட்கவில்லையே என்று இன்னொரு குப்பியும் எழுதிக்கொடுத்தார். அதற்கும் அதே மரியாதை செய்தேன். அதற்கடுத்த முறை நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன், என் மனைவி அவனைக் கூட்டிப்போனாள். மருத்துவர் தன்னிடமிருந்த மருந்தைத் தானே விட்டிருக்கிறார். திருகாணி துள்ளினானாம்.

"எரியுது டாக்டர்."

"இத்தனை மாசமா விடறீங்க, இன்னும் பழகலையா?"

"மொதல்ல எரிஞ்சுது, அப்புறம் எங்க அத்தான் விட்டா எரியறதே இல்லை. அவருக்குக் கைராசி" என்றானாம்.

மூன்று மணி நேரம் அங்கேயே உட்காரவைத்து அளந்ததில் அழுத்தம் பாதியாக இறங்கியிருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு குப்பிகளும் இருந்தன. என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இதுல என்ன இருக்கு?"

சொன்னேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. யாரும் இதுவரை கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

"அவன் கண்ணுடா அது" என்றாள். "உன்கிட்ட கண்ணை நம்பிக் கொடுத்தான்டா."

பதினொரு வருடத்தில் அவள் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. நல்ல வசனம். எளிமையான சொற்கள், சரியான இடத்தில் மரியாதை கழன்று விழுகிறது. மறந்துவிடுமோ என்று குறித்துவைத்துக்கொண்டேன். நான் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நேராக உங்களிடம் வந்தாள் என்று நினைக்கிறேன்.

திருகாணி உள்ளே தன் அறையில் இருந்தான். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். நான் வாசலில் போய் நின்றேன். அவன் என் பக்கம் திரும்பினான், ஆனால் என்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எழுபத்தொண்ணு உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுதா அத்தான்?" என்று கேட்டான்.

"ரொம்ப" என்றேன்.

"சொல்லியிருந்தா அப்படியே வரைஞ்சிருப்பேனே" என்றான். பிறகு கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைத் தடவித் தேடுகிற சத்தம் வெளியே கேட்டது.

அவன் சும்மா சொன்னான். நான் கேட்டுப் பார்த்தவன், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம்தான் இங்கே வந்தபிறகும் அவ்வப்போது வந்து தொந்தரவு செய்கிறது. மற்றபடி தூக்கம் நன்றாகத்தான் வருகிறது.

ஆக, உங்கள் தாளில் எழுத வேண்டியது இதுதான். மருந்தை மாற்றியது நான். ஒருமுறை அல்ல, எட்டு மாதமும். என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மாற்றினேன். யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டினால் போதும்.

குழாய்க்குள் பார்க்கிற அளவுக்குத்தான் அவனுக்குப் பார்வை மிஞ்சியிருக்கிறது என்று மருத்துவர் அறிக்கையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். அதை நான் முழுதாக நம்பவில்லை. மருத்துவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் காலையில் வெளியே நிற்கிற காவலர் இந்த வார அத்தியாயத்தைத் தன் தொலைபேசியில் காட்டினார். திருகாணி தனியாகவே போட்டிருக்கிறான். கலத்தில் இருக்கிற எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. ஒரு வசனம்கூட இல்லை. நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். வசனத்துக்கான இடமெல்லாம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. அவனுக்கு அது கண்ணில் படவே இல்லை. பாவம், பார்வை இவ்வளவு மோசமாகியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.