கிரகணம் பிடிக்காத பெட்டி

கிரகணம் விட்ட மறுநாள், திருப்பதியிலிருந்து ஏர்பேடு செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரு பெண்கள் பேசிக்கொண்டிருந்தனர். மூத்தவளை, அவள் வீட்டுவேலை செய்த இடத்தில் அன்று காலைதான் வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

“தீட்டு போவணும், ஒண்ணு வுடாம கழுவுன்னு சொன்னதே அந்த மாமிதான். கழுவுனேன்.”

“இன்னாத்தக்கா கழுவுன?”

“அமெரிக்காவுல இருந்து அவங்க புள்ள அனுப்ச்ச கம்ப்யூட்டர. பொட்டி செத்துப்போச்சாம். இனிமே வராதன்னுட்டாங்க.”

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மஞ்சத்தண்ணியாக்கா ஊத்துன?”

“சிரிக்காதடி! ஊறுகா ஜாடிக்குத் தீட்டு, தொடப்பத்துக்குத் தீட்டு. கிரகணமே இல்லாத நாள்லகூட நான் குடிச்ச லோட்டாவ மூணு வாட்டி கழுவறவங்க. அந்தப் பொட்டிய மட்டும் தீட்டு தொடாதுன்னு எனக்கு எப்பிடிடி தெரியும்?”

இளையவள் அதன்பின் சிரிக்கவில்லை.