மூக்கு நீண்ட வண்டு

…காத்தா? எங்காத்துக்காரரும் இதையேதான் சொன்னார்! ஒரு இலை அசையல்லே, கேட்டேளா! குலை தள்ளின ஏத்தன் வாழை தானா, மடார்னு சாஞ்சுது… நான் பக்கத்திலே துணி உணத்திண்டு நிக்கறேன்! சாவித்ரி, நீங்க ஸ்ரீவராகத்துக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகல்லே, ஒங்களுக்கு என்ன தெரியும்?

மறுநாள் இன்னொண்ணு. பின்னே அடுத்தது. எனக்குப் பின்வீட்டு நர்ஸ் ரோஸ் மேலேதான் சம்சயம். மதிலுக்கு மேலே எட்டிப் பாத்து, "விஜயம், குலை நல்லாருக்கே"ன்னாளே! கண்ணு பட்டுடுத்துன்னு… ஆமா, மூஞ்சிக்கு நேரேயே சொல்லிட்டேன்! அன்னிக்கே பேச்சு நின்னுடுத்து. என் பிரசவத்துக்குக் கூட இருந்து கையைப் பிடிச்சுண்டவளாக்கும் அவ! எனக்குச் சாதம் இறங்கல்லே… சரி, அது போகட்டும்.

ஒரு நாள் காலம்பற அவளே வரா, கையிலே வெட்டுக்கத்தி! பயந்தே போயிட்டேன். சாஞ்ச வாழையோட கிழங்கைத் தோண்டி நெடுகப் பொளந்தா. "ஏ விஜயம், இங்க வந்து பாரு. என் கண்ணா இப்பிடித் தொளைச்சுது?"ங்கறா. உள்ளே… ஐயே! குழி குழியா, வெள்ளை வெள்ளையாப் புழு! கறுப்பா ஒரு வண்டு வேறே, யானையாட்டம் மூக்கை நீட்டிண்டு! "இது வாழைக்கன்னோட வந்த வண்டு"ன்னா. எந்தக் கன்னோடன்னு கேட்டேன். சிரிக்கறா!

எங்கண்ணா தென்காசியிலே ஈரச்சாக்கிலே கட்டிக் குடுத்த கன்னுகள்தான்! நான் ரயில்லே மடியிலே வெச்சுண்டு வந்து தெரு பூரா குடுத்தேனே… அவ தோட்டத்திலேயும் எல்லாம் சாஞ்சாச்சாம்! "ஆசையாக் குடுத்தே, எப்பிடிச் சொல்ல?"ன்னா. நான் அழுதுட்டேன்.

இப்போ பொளந்த வாழைத்தண்டைச் சாயங்காலமே தோட்டத்திலே போட்டு வெச்சுடறோம். அந்த வாசனைக்கு வண்டெல்லாம் வந்து அடியிலே ஒளிஞ்சுக்கும். காலம்பற ரெண்டு பேருமாப் பொறுக்கி மண்ணெண்ணெயிலே போடறோம். ஊர்க்கதையெல்லாம் அப்போதான்! தெருவிலே பாக்கிப் பேர்தான் என்னைக் கண்டா கதவைச் சாத்தறா. சாரமில்லே, பரவால்லே.

அதிருக்கட்டும், ஒங்க வீட்டு வாசல் முத்தம் வெறிச்சுனு கிடக்கே? அண்ணா வேறே கன்னு அனுப்பிச்சிருக்கான், கதளி வாழை! ஒங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். இருங்கோ, சாக்கை அவுத்து… என்னது, அடுப்பிலே பாலா? பால்காரன் இன்னும் வரல்லேன்னேளே! சாவித்ரி… சாவித்ரி! அடடா, கன்னை வாங்கிண்டாவது போங்கோளேன்!