முன்னுக்கு நின்ற அரவு

பருத்தித்துறை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவள், மற்றவள் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவளுடைய பழைய வகுப்புத் தோழி.

“உன்ரை பேரைக் கொம்பியூட்டரிலை திருப்பினனான், ராதா. அரவு கழண்டு போச்சு,” என்றாள் ரீச்சர். அரவு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ‘ரா’வில் வரும் துணைக்காலை. அதற்குப் பிறகு நான் யன்னல் பக்கம் பார்க்கவில்லை.

“என்னடி சொல்லுறாய்?”

“பிள்ளையளுக்கு ஸ்ட்ரிங் படிப்பிச்சனான், எழுத்துக்களைக் கோத்த சரம். ஒரு சொல்லைக் குடுத்தால் கொம்பியூட்டர் கடைசியிலையிருந்து திருப்பித் தரும். உன்ரை பேரைக் குடுத்தன். அதுக்கு அரவும் தனி எழுத்து. ராதாவிலை நாலு எழுத்து எண்டுது. திருப்பினால் ‘ாதார’ எண்டு ஒரு அரவு முன்னுக்குத் தனிய நிக்குது.”

“அப்ப எங்கடை வகுப்பிலை நீங்கள் எல்லாரும் சரியாத்தானே திருப்பினனீங்கள். தாரா எண்டுதானே கூப்பிட்டனீங்கள்.”

“ஓம். மிஸ்ஸுக்குக் கடைசிவரை தெரியாது, தாரா ஆரெண்டு.”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“அங்கை உன்னை என்னெண்டு கூப்பிடுகினம்?”

“ராதா எண்டுதான். திருப்பிக் கூப்பிட ஆரும் இல்லை.”

பஸ் நெல்லியடியில் நின்றது. ரீச்சர் எழுந்து தோழியின் பையையும் தூக்கிக்கொண்டாள்.

“இறங்கு, தாரா.”