சிஸ்டர் யோகலட்சுமியின் கடைசி அத்தியாயம்

தலைமை ஏற்றிருக்கும் திரு. அப்புத்துரை அவர்களே, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் சித்தி ஹாஜரா அவர்களே, மழையென்றும் பாராமல் ஃபெரி ஏறி வந்த பட்டர்வொர்த் அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் கமலாம்பிகை. மறைந்த சிஸ்டர் யோகலட்சுமியோடு இருபத்தாறு ஆண்டுகள் ஒரே பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவரைப் பற்றிச் சிரிக்காமல் பேச எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற தாதியர் என்ன செய்வார்கள்? பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார்கள், கோயிலுக்குப் போவார்கள். நம் சிஸ்டர் என்ன செய்தார்? ஐம்பத்தேழு வயதில் முதுகலைப் பட்டத்திற்குப் பதிந்தார். அதுவும் ஒரு பாடத்தில் அல்ல. வரலாறு, மருத்துவம், சமூகவியல், இலக்கியம் எனப் பல துறைகளைச் சேர்த்துப் படிக்கும் பட்டம். பிள்ளை பெற்றவளுக்கு மலாய், சீன, தமிழ் வீடுகளில் என்ன கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்பதே ஆய்வு. மருத்துவத் துறை இது வரலாறு என்றது. வரலாற்றுத் துறை இது மருத்துவம் என்றது.

"அக்கா, இந்த வயசில உங்களுக்கு ஏன் இந்த அலைச்சல்?" என்று கேட்டேன்.

"வார்டில இடமில்லையெண்டு பிள்ளைத்தாச்சியைத் திருப்பி அனுப்பினமே, கமலா? வராந்தாவில கட்டில் போட்டம்தானே. நானும் வராந்தாவில இருந்து படிக்கிறன்லா" என்றார்.

படித்தார். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துப் பாலிக் புலாவ் போனார். ஜாதிக்காய்த் தோட்டத்து மலாய்ப் பெண்கள் பேசினார்கள். சீனப் பெண்கள் பேசினார்கள். பத்து காவான் தோட்டத்துத் தனலெட்சுமி ஒருவரே மூன்று டேப் பேசினார். பேசாதவர்கள் யார்? நாம். யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்கள். "இதையெல்லாம் வெளியில சொல்லுறதே?" என்று கதவைச் சாத்தினோம். அவரை இரண்டு முறை வாசலோடு திருப்பி அனுப்பியவள் நான். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நம்மைப் பற்றிய அந்த ஓர் அத்தியாயம்தான் பாக்கி. நம் பேச்சுகள் கிடைத்தால், சிஸ்டரின் குறிப்புகளோடு சேர்த்துப் பட்டக் குழுவின் முன் வைப்பதாகப் பேராசிரியர் சொல்கிறார். சிஸ்டர் பெயருக்குப் பட்டம் வருவதும் வராததும் இனி நம் வாயில்தான் இருக்கிறது.

அவர் தொடங்கிய வேலையை நாம் முடித்துக் கொடுப்போமா? அவருடைய டேப் ரெக்கார்டர் இதோ இந்த மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் பிறகு நம் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பேசுங்கள். முதல் ஆள் நான். பொத்தானை அழுத்திவிட்டேன்.

என் பெயர் கமலாம்பிகை. மூத்தவன் பிறந்தது 1953இல், பட்டர்வொர்த் ரயில்வே குவார்ட்டர்ஸில். முப்பத்தொரு நாளும் மாமி வைத்த பத்தியக் கறியைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். பொய். பதினோராம் நாள், பக்கத்து வீட்டுக் காமாரியா வேலிக்கு மேலால் நீட்டிய, மீன் புளிக்குழம்பு ஊற்றிய லக்சா நூடுல்ஸை ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தா, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.