அஞ்சு பேர் ரத்தம்

—அக்கா, ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடாதீங்க!

—பேனாவையே இன்னும் திறக்கலடா. அதுக்குள்ள கத்துற.

—நாலாம் நம்பர் குழாய்... அந்தப் பொண்ணு. நார்மல்னு அனுப்பிடாதீங்க.

—நார்மலா இருந்தா நார்மல்னுதானே அனுப்ப முடியும்? ஒப்பிட்டுப் பாக்க ஆரோக்கியமான அஞ்சு பேர்கிட்ட எடுத்துக் கலந்து வெச்சிருக்கோமே கன்ட்ரோல் ரத்தம், அதுவும் இவ ரத்தமும் ஒரே நேரத்துல உறைஞ்சுது. கைகோத்துக்கிட்டு.

—ரெண்டுமே லேட்டா உறைஞ்சுது.

—உறைய வைக்கிற மருந்து புது பாட்டில். புதுசு மந்தமாத்தான் இருக்கும். நீ வேலைக்குச் சேர்ந்தப்போ பாக்கலையா?

—நான் இப்பவும் மந்தம்தான். அதான் இன்னொரு தடவை பண்ணிடலாம்ங்கறேன்.

—நாளைக்குக் காலையில அவளுக்கு ஆபரேஷன். டாக்டர் போன் மேல போன் போடுறார். நீ முதல்ல சட்டைக் கையை இறக்கி விடு. ரெண்டு நாளா முழங்கையில பிளாஸ்திரியோட அலையுற.

—அது ஸ்டைலுக்கு. அக்கா, கத்தி வெச்சப்புறம் ரத்தம் நிக்கலன்னா என்ன பண்றது? போன வருஷம் ஒரு பல்லைப் பிடுங்கினதுக்கே தலையணை நனைஞ்சு போச்சு அவளுக்கு.

—அது உனக்கு எப்படிடா தெரியும்? குழாய்ல நம்பர் மட்டும்தானே இருக்கு?

—...டாக்டர் சீட்டுல போட்டிருந்துச்சு.

—தலையணை நனைஞ்சதுமா? தெரிஞ்ச பொண்ணுன்னா சொல்லிடு. சொந்தக்காரங்க ரத்தத்துல நாம கை வைக்கக் கூடாது, தெரியும்ல?

—குழாயை வைக்கிற வெந்நீர்த் தொட்டி சூடா இருக்கு அக்கா. வீணாப் போகுது.

—பேச்சை மாத்துறதுக்குன்னு ஒரு பட்டம் இருந்தா உனக்குத்தான். சரி, பாம்பு விஷத்தை எடு.

—எனக்கா?

—குழாய்க்கு! ரத்தம் எடுக்கும்போது உறையாம தடுக்கிற மருந்து ஏதாவது கலந்திருந்தா நம்ம பாட்டில் மருந்து ஏமாந்துடும். விஷமும் ரத்தத்தை உறைய வைக்கும், ஆனா அது ஏமாறாது. விடு... சாய்ச்சுப் பாரு.

—ஓடுது... இன்னும் ஓடுது... இப்பதான் மெல்லிசா ஒரு நூல் கட்டுது.

—ம்... அப்ப கலப்படம் இல்ல.

—உறையற புரதமே கம்மியா இருக்குமோ?

—அதை மதியமே அளந்துட்டேன். தாராளமா இருக்கு.

—ஆள் நிறைய. வேலை நடக்கல.

—நம்ம ஆபீஸ் மாதிரி. புரதம் உருவாகும்போதே கோணலா உருவாகியிருக்கு... ஆனா இரு. அப்போ கன்ட்ரோல் ரத்தம் ஏன் லேட்டாச்சு?

—புது பாட்டில்னு நீங்கதானே...

—பாட்டிலை இப்பவே விசாரிச்சுடுவோம். என் கையில குத்து.

—உங்க ரத்தமா?

—பயப்படாத, சிவப்புதான். மெஷின்ல சுத்தவிட்டு, மேல நிக்கிற மஞ்சள் தண்ணியை மட்டும் எடுத்துட்டு வா.

—அக்கா... அக்கா! மருந்து விட்டதும் பிடிச்சுக்கிச்சு! கவுத்தாலும் விழல!

—பாட்டில் யோக்கியம். தப்பு கன்ட்ரோல்லதான். அது எப்படிடா, அஞ்சு பேருக்கும் சொல்லி வெச்ச மாதிரி கோணலா இருக்கும்? முந்தாநாள் பக்கத்துப் பிரிவுக்குப் போய் அந்த ரத்தத்தை நீதானே எடுத்த?

—போனேன். ஒருத்தர் மீட்டிங்ல. ஒருத்தர் லீவுல. ஒருத்தருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம்...

—அவர் நம்ம டைரக்டர். அப்புறம்?

—நான் ஆரோக்கியமாத்தானே இருக்கேன்னு... என் கையையே நீட்டிட்டேன்.

—அஞ்சு பேரும் நீதானா! அந்தப் பிளாஸ்திரியைப் பிரி, பாப்போம்.

—வேண்டாம்க்கா. பிரிச்சா இன்னும் கசியுது.

—...போனை எடு. சீக்கிரம். ஹலோ, டாக்டரா? லேப்ல இருந்து. நாலாம் நம்பர் பொண்ணுக்கு நாளைக்குக் கத்தியைத் தொடாதீங்க. புரதம் கோணல்... ஆமா, நல்ல புரதம் ஏத்தாம செய்யவே கூடாது. இப்பவே எழுதி அனுப்புறேன்.

—ஒத்துக்கிட்டாரா?

—ஆபரேஷனைத் தள்ளி வெச்சுட்டார். இப்ப நீ வா. இது தொத்து நோய் இல்லடா, குடும்பத்துல வர்றது. ஊரெல்லாம் சலிச்சாலும் ஒருத்தர் அகப்படுறது கஷ்டம். ஒரே மேஜையில ரெண்டு பேர் எப்படி?

—அந்தப் போனைக் கொஞ்சம் தர்றீங்களா, அக்கா? காலையில ஆபரேஷன்னு தங்கச்சி சாப்பிடாம படுத்திருப்பா... எழுந்து சாப்பிடச் சொல்லணும்.